ஹோட்டல் படுக்கையை யார் மடிப்பது?

ஹோட்டல் அறையைக் காலி செய்யும்போது படுக்கையைச் சரிசெய்து வைக்கணுமா, இல்லை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பலாமா? குடும்பத்தோடு வெளியூர் போகிற எந்தக் கூட்டத்திலும் ஒருமுறையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். "காசு கொடுத்திருக்கோம்ல, அதுக்குத்தானே ஆள் வச்சிருக்காங்க" என்று ஒரு கட்சி. "பாவம், அவங்களும் மனுஷங்கதானே" என்று சொல்லிக்கொண்டே போர்வையை மடிக்க ஆரம்பிக்கும் இன்னொரு கட்சி.

நான் இரண்டாவது கட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறவன். ஆனால் இந்த விஷயத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்து வைத்ததில், இரக்கம் மட்டும் போதாது என்று தோன்றுகிறது. நாம் அழகாக மடித்து வைத்த படுக்கை, சுத்தம் செய்ய வருகிறவருக்கு ஒரு நிமிஷத்தைக்கூட மிச்சப்படுத்தாது. "இன்னிக்கு ரூம் சுத்தம் பண்ண வேண்டாம்மா" என்று அன்பாகச் சொல்வது சில இடங்களில் அவருடைய சம்பளத்திலேயே கை வைத்துவிடும். நல்ல மனசோடு செய்தாலும், அந்த வேலை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரியாமல் செய்தால் பலன் தலைகீழாகலாம். அந்தக் கணக்கு எப்படி உருவானது என்பதுதான் இந்தக் குறிப்பு.

படுக்கையைச் சுமந்துபோன காலம்

முதலில் ஒன்றைப் பார்க்கலாம். விருந்தினருடைய படுக்கையை வேறொருவர் போட்டுத் தருவது என்பதே ரொம்பப் பழைய வழக்கம் இல்லை.

நம்ம ஊர்ச் சத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் ராணி மங்கம்மாள் பேரைச் சொல்லும் சத்திரம் இன்றைக்கும் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேஸ்வரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரம் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி 1801-ல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், அந்தச் சத்திரங்களின் தர்மத்துக்கு எந்தக் குந்தகமும் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. சத்திரம் கொடுத்தது கூரை, தண்ணீர், சோறு. படுக்கை யாத்திரிகருடையது. மூட்டைக்குள் ஒரு பாயோ ஜமக்காளமோ இருக்கும். ராத்திரி விரிப்பார், விடிந்ததும் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டுவார். இதில் ரொம்பவும் மனம் நெகிழ வேண்டியதில்லை. யார் எந்தத் திண்ணையில் படுக்கலாம், யார் பந்தியில் உட்காரலாம், யார் பெருக்க வேண்டும் என்பதையெல்லாம் சாதி தீர்மானித்த காலம் அது.

வெள்ளைக்காரர்கள் சாலையோரம் கட்டிய டாக் பங்களாவிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். கட்டில், மேஜை, நாற்காலி, சமைத்துப் போட ஒரு கான்சாமா இருப்பார். மெத்தையும் விரிப்பும் பயணி கொண்டுவரணும். ஹோல்டால் என்ற கேன்வாஸ் சுருளைச் சின்ன வயதில் ரயிலில் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பீர்கள். தோல் வார் போட்டு இறுக்கிக் கட்டி, அதன் மேலேயே உட்கார்ந்து அமுக்கி மூடுவார்கள். அந்தக் காலம் வரைக்கும் படுக்கையை யார் மடிப்பது என்ற கேள்விக்கே இடம் இல்லை. சுமக்கிறவர் மடித்தார். பணக்காரர் என்றால் அவருடைய சொந்த வேலைக்காரர் மடித்தார்.

பூட்டிய கதவும் ஒரு கட்டி சோப்பும்

இன்றைக்கு நாம் ஹோட்டல் என்று சொல்கிற வடிவத்துக்குத் தொடக்கமாகப் பலரும் காட்டுவது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1829-ல் திறந்த டிரெமாண்ட் ஹவுஸை. ஐசாயா ரோஜர்ஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 170 அறைகள். அதுவரை அமெரிக்க விடுதிகளில் முன்பின் தெரியாத ஆளோடு அறையை மட்டுமல்ல, படுக்கையைக்கூடப் பங்கு போட வேண்டியிருந்தது. டிரெமாண்டில் தனி அறை, தனிப் பூட்டு. ஒவ்வொரு அறையிலும் ஒரு கூஜா, ஒரு கிண்ணம், ஒரு கட்டி சோப்பு. சும்மா கொடுத்த அந்த சோப்பு அப்போது பெரிய ஆச்சரியம்.

பூட்டிய தனி அறை வந்ததும் ஒரு புது வேலையும் பிறந்துவிட்டது. விருந்தினர் இல்லாத நேரத்தில் சாவி போட்டு உள்ளே போய், அவர் இருந்த தடத்தையெல்லாம் அழித்து, அடுத்தவருக்கு யாருமே தங்காத அறை போலக் காட்ட வேண்டிய வேலை. கூஜாவில் தண்ணீர் மேலே போகணும், அழுக்குத் தண்ணீரும் ராத்திரிப் பாத்திரமும் கீழே இறங்கணும். டிரெமாண்டில் கழிப்பறைகள் எட்டு, எல்லாமே தரைத்தளத்தில். மாடி ஏறி இறங்கிய கால்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. பிழைப்புக்காக அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த பெண்கள் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இந்த மாதிரி வேலைகளில்தான் நிறைந்திருந்தார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் 1908-ல். பஃபலோ நகரில் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் 300 அறைகளோடு ஒரு ஹோட்டல் திறந்தார். ஒன்றரை டாலருக்கு அறை, கூடவே தனிக் குளியலறை என்பதுதான் விளம்பரம். பதின்மூன்று வயதில் வீலிங் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பெட்டி தூக்கும் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர் அவர். குளியலறைகளை முதுகோடு முதுகாக அடுக்கி, இரண்டு அறைகளுக்கும் ஒரே குழாய்த் தண்டை வைத்துச் செலவைக் குறைத்தார். அந்தக் கட்டட முறைக்கு இன்றைக்கும் அவர் பேர்தான்.

தண்ணீர் சுமக்கிற வேலை போனது, சந்தேகமே இல்லை, பெரிய விடுதலை. ஆனால் மாடிக்கு ஒன்றிரண்டு என்று இருந்த குளியலறை இப்போது அறைக்கு ஒன்றாகிவிட்டது. 300 அறை என்றால் 300 தொட்டி, 300 கழிப்பறை, 300 தரை. முழங்கால் போட்டுத் தேய்க்கிற வேலை அத்தனை மடங்கு பெருகியது. ஹோட்டல் வரலாற்றில் இந்த மாதிரி திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கலாம். விருந்தினருக்கு ஒரு வசதி கூடும்போது, எங்கோ ஒருவருடைய இடுப்புக்கோ முழங்காலுக்கோ புதிதாக ஒரு வேலை வந்து சேரும்.

ஒரு நாளைக்கு எத்தனை அறை?

இந்த வேலையைப் பெரும்பாலான இடங்களில் மணிக்கணக்கோடு அறைக்கணக்கும் சேர்த்துத்தான் அளக்கிறார்கள். ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை அறை என்று ஒரு எண்.

2007-ல் வெளியான ஒரு உளவியல் ஆய்வு, அமெரிக்காவில் 7 ஹோட்டல்களில் வேலை பார்த்த 84 பெண்களை எடுத்துக்கொண்டது. ஆலியா கிரம், எலன் லாங்கர் இருவரும் செய்தது. அதன் முடிவு நமக்கு இங்கே வேண்டாம். அதில் போகிறபோக்கில் வரும் ஒரு தகவல்தான் வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் சராசரியாக ஒரு நாளைக்கு 15 அறை சுத்தம் செய்தார்கள். ஒரு அறைக்கு 20 முதல் 30 நிமிஷம்.

கூட்டிப் பாருங்கள். 25 நிமிஷம் என்று வைத்தாலே 15 அறைக்கு ஆறே கால் மணி நேரம். வண்டியில் விரிப்பு, துண்டு, சோப்பு அடுக்குவது, லிஃப்டுக்குக் காத்திருப்பது, "இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க" என்று சொன்ன அறைக்குத் திரும்பி வருவது எல்லாம் மிச்சம் இருக்கிற நேரத்தில்தான். இதில் ஒரு அறையில் பார்ட்டி நடந்து கேக் க்ரீம் சுவரில் ஒட்டியிருந்தால்? அந்த அறைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் கணக்கில் அதுவும் ஒரு அறைதான். மிச்சம் 14 அறையையும் ஓடி ஓடி முடிக்கணும், இல்லையென்றால் ஷிஃப்ட் முடிந்த பிறகும் நிற்கணும்.

அந்தக் கூடுதல் நேரத்துக்குக் காசு வருமா என்பது அடுத்த கேள்வி. பாரிஸில் பத்தினோல் பகுதி இபிஸ் ஹோட்டலில் 2019 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் இதைச் சுற்றித்தான். சுமார் 20 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறிய பெண்கள். ஹோட்டலுக்கு நேரடி ஊழியர்கள் இல்லை, துணை ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். மணிக்கு மூன்றரை அறை முடிக்கணும், அதாவது அறைக்கு 17 நிமிஷம். முடியாவிட்டால் அதிகப்படி நேரம் அவர்கள் பாடு. 22 மாதம் நின்று போராடி 2021 மே மாதத்தில் ஜெயித்தார்கள். சம்பளம் ஏறியது, அந்த அறைக்கணக்கும் குறைந்தது. அவர்களில் முன்னால் நின்ற ராஷேல் கேகே 2022-ல் பிரான்ஸ் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார்.

சொர்க்கப் படுக்கையின் எடை

1999-ல் வெஸ்டின் ஹோட்டல்கள் 'ஹெவன்லி பெட்' என்று ஒரு படுக்கையை அறிமுகம் செய்தன. தடிமனான மெத்தை, மூன்று விரிப்பு, கனமான மேல்மெத்தைப் போர்வை, அதற்கு உறை, ஐந்து தலையணை, எல்லாமே வெள்ளை. விருந்தினர்கள் கொண்டாடினார்கள். இதே படுக்கையை வீட்டுக்கும் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு விற்கவே ஆரம்பித்தார்கள். மற்றக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? அடுத்த சில ஆண்டுகளில் பெரிய ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் மெத்தை தடித்தது, தலையணை பெருகியது.

அறைக்கு ஒரு கட்டில் என்று வைத்தாலே, ஐந்து தலையணை, 15 அறை, 75 உறை. இரட்டைக் கட்டில் அறைகளாக இருந்தால் 150. ஒவ்வொரு உறையையும் உருவணும், ஒவ்வொன்றையும் மாட்டணும். விரிப்பை அடியில் சொருக மெத்தையின் மூலையைத் தூக்கணும். நாலு மூலை, மூன்று விரிப்பு.

இந்த எடைக்கு விலை என்ன என்பதை 2010-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. 5 ஹோட்டல் கம்பெனிகள், 50 ஹோட்டல்கள், மூன்று வருஷத்துக் காயப் பதிவேடுகள். ஹோட்டல் ஊழியர்கள் மொத்தத்தில் வருஷத்துக்கு 100 பேருக்கு 5.2 காயம். அறை சுத்தம் செய்கிறவர்களில் 7.9. அடுப்படியில் கத்தியோடும் நெருப்போடும் நிற்கிறவர்களைவிட, படுக்கை போடுகிறவர்களுக்குத்தான் அதிகம் அடிபட்டது. தோள், முதுகு, மணிக்கட்டு.

அடுத்த வருஷம் கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. கேட்டது இரண்டே விஷயம். மெத்தையின் அடிவிரிப்பு நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்ததாக இருக்கணும், மெத்தையைத் தூக்கித் தூக்கிச் சொருக வேண்டாம். குளியலறை தேய்க்க நீளக் கைப்பிடி வைத்த கருவி கொடுக்கணும், முழங்கால் போட வேண்டாம். ஒரு பெட்ஷீட்டுக்குச் சட்டமா என்று கேலி பேசினார்கள். ஹோட்டல் முதலாளிகள் செலவுக் கணக்கைக் காட்டினார்கள். மசோதா சட்டமாகவில்லை. ஆனால் விஷயம் அதோடு சாகவில்லை. 2018-ல் அதே மாநிலம், அறை சுத்தம் செய்கிறவர்களின் தசை, மூட்டுக் காயங்களைத் தடுக்கத் தனி விதியே கொண்டுவந்தது.

ஸ்பெயினில் இந்தப் பெண்கள் தங்களுக்கு 'லாஸ் கெல்லிஸ்' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். 'சுத்தம் செய்யும் அந்தப் பெண்கள்' என்ற ஸ்பானியச் சொற்களைச் சுருக்கி விளையாடிய பேர். அந்த நாட்டின் பலேரிக் தீவுகளில் 2022-ல் வந்த சுற்றுலாச் சட்டம், ஹோட்டல் கட்டில்களை மேலே உயர்த்துகிற மாதிரி மாற்றச் சொல்கிறது. ஒரு மிதியை அழுத்தினால் கட்டில் இடுப்பு உயரத்துக்கு வரும். குனியாமல் விரிப்பு மாற்றலாம். விருந்தினருக்கு இதில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

துண்டு மாட்டும் கம்பியில் ஒரு அட்டை

இப்போது நம்ம நல்ல மனசுக்கு வருவோம்.

குளியலறையில் ஒரு அட்டை தொங்கும். பூமியைக் காப்பாற்ற உதவுங்கள், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று எழுதியிருக்கும். ஜே வெஸ்டர்வெல்ட் என்ற சூழலியலாளர் 1986-லேயே இந்த அட்டையைப் பார்த்து எரிச்சலாகி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பக்கம் சுற்றுச்சூழலைக் கெடுத்துக்கொண்டு ஹோட்டலை விரிக்கிறார்கள், இன்னொரு பக்கம் சலவைச் செலவு மிச்சமாக விருந்தினரின் மனசாட்சியைத் தட்டுகிறார்கள் என்றார். 'கிரீன்வாஷிங்' என்ற சொல் அப்படித்தான் பிறந்தது. பச்சைப் பூச்சு என்று நாம் சொல்லலாம்.

அட்டையில் என்ன எழுதினால் ஆள் கேட்பார்கள் என்றுகூட ஆராய்ந்திருக்கிறார்கள். 2008-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சுற்றுச்சூழல் வாசகத்துக்கு 35 சதவீதம் பேர் இணங்கினார்கள். மற்ற விருந்தினர்களில் பெரும்பாலோர் இப்படிச் செய்கிறார்கள் என்று எழுதினால் 44 சதவீதம். நாலு பேர் செய்தால் நாமும் செய்வோம், தெரிந்த கதைதான்.

துண்டு வரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. தண்ணீர் மிச்சம்தான். ஆனால் அடுத்த படி வேறு மாதிரி. 2009 வாக்கில் ஸ்டார்வுட் ஹோட்டல்கள் ஒரு திட்டம் கொண்டுவந்தன. அன்றைக்கு அறையைச் சுத்தமே செய்ய வேண்டாம் என்று சொல்கிற விருந்தினருக்கு 5 டாலர் சாப்பாட்டுக் கூப்பன், இல்லாவிட்டால் 500 பாயின்ட். பூமிக்கும் நல்லது, பைக்கும் நல்லது, சுத்தம் செய்கிறவருக்கும் வேலை குறைவு என்று விருந்தினர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பக்கத்தில் நடந்தது இது. சுத்தம் செய்ய வேண்டிய அறைகள் குறைந்ததால் அன்றைக்கு வேலைக்குக் கூப்பிடும் ஆட்களும் குறைந்தார்கள். மணிக்கூலிக்காரர்களுக்கு வராத ஷிஃப்ட் என்றால் வராத சம்பளம். வேலை கிடைத்தவர்களுக்கோ மூணு நாள், நாலு நாள் தொடாத அறைகள். குப்பை வழியும், குளியலறையில் சோப்புக் கறை காய்ந்து இறுகியிருக்கும், ஈரத் துண்டு நாறும். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் கணக்கில் அதுவும் ஒரு அறைதான்.

ஸ்டார்வுட்டை மேரியட் 2016-ல் வாங்கியது. 2018 இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் 8 நகரங்களில் சுமார் 7,700 மேரியட் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிழைக்க ஒரு வேலை போதுமானதாக இருக்கணும் என்பதுதான் அவர்களுடைய கோஷம். அவர்கள் புகார்களில் இந்தப் பச்சைத் திட்டமும் ஒன்று.

பிறகு கொரோனா வந்தது. தொற்று பயத்தில் தினசரி சுத்தத்தை எல்லாரும் நிறுத்தினார்கள். பயம் போன பிறகும் பல இடங்களில் அது திரும்பவில்லை. ஹில்டன் 2021-ல், அமெரிக்காவில் உள்ள தன் பெரும்பாலான ஹோட்டல்களில் விருந்தினர் கேட்டால்தான் தினசரி சுத்தம் என்று அறிவித்தது. யுனைட் ஹியர் தொழிற்சங்கம் அதே வருஷம் போட்ட கணக்குப்படி, எல்லா ஹோட்டலும் இப்படி மாறினால் அமெரிக்காவில் இந்த வேலைகளில் 39 சதவீதம் வரை காணாமல் போகும். சங்கத்தின் கணக்கு, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை சரி. நெவாடா மாநிலம் 2020-ல் தினசரி சுத்தத்தைச் சட்டமாக்கியது, 2023-ல் அதைத் திரும்பப் பெற்றது. இழுபறி இன்னும் முடியவில்லை.

கதவைத் திறக்கிறவரும் கவரில் வைக்கிறவரும்

மரியாதை என்றால் குப்பையும் துண்டும் மட்டும் இல்லை. பூட்டிய அறைக்குள் தனியாகப் போகிற பெண்ணுக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று தெரியாது. சிகாகோவில் தொழிற்சங்கம் 2016-ல் எடுத்த கணக்கெடுப்பில், அறை சுத்தம் செய்கிற பெண்களில் 49 சதவீதம் பேர், ஆடையில்லாமல் கதவைத் திறந்த அல்லது தங்கள் முன் அப்படி நின்ற விருந்தினரைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அதே வருஷம் சியாட்டில் மக்கள் ஓட்டுப் போட்டு, இவர்களுக்கு அவசர பொத்தான் கொடுக்கணும் என்று விதி கொண்டுவந்தார்கள். 2017-ல் சிகாகோவும் சட்டம் போட்டது. கழுத்தில் மாட்டிய ஒரு சின்னப் பொத்தானோடு படுக்கை விரிக்கப் போக வேண்டிய நிலை.

டிப்ஸ் கதையும் பழசுதான். அமெரிக்காவில் 1867-ல் தொடங்கிய புல்மன் கம்பெனியின் தூங்கும் ரயில் பெட்டிகளில் கறுப்பின ஆண்கள் ராத்திரி படுக்கை விரித்து, காலையில் மடித்தார்கள். முதலாளி பேரான ஜார்ஜ் என்றே பயணிகள் அவர்கள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். சொந்தப் பேர் யாருக்கும் தேவைப்படவில்லை. சம்பளம் குறைவு, மிச்சத்தைப் பயணி கொடுப்பார் என்று கம்பெனி விட்டுவிட்டது. 1925-ல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, 1937-ல்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட முடிந்தது.

2014-ல் மேரியட், அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 1,60,000 அறைகளில் டிப்ஸ் கவர் வைத்தது. பெட்டி தூக்குகிறவர் கண்ணில் படுகிறார், கை நீட்டுகிறோம். அறையைச் சுத்தம் செய்கிறவர் நாம் இல்லாதபோது வந்து போகிறார், மறந்துவிடுகிறோம். அதனால் கவர் நல்ல யோசனைதான். ஆனால் உடனே வந்த கேள்வியும் நியாயமானது: இந்தக் கவரை நிரப்ப வேண்டியது விருந்தினரா, கம்பெனியா?

அப்போ நாம என்ன செய்யலாம்?

இவ்வளவு பார்த்த பிறகு முதல் கேள்விக்கு ஓரளவு தெளிவாகப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வேலை அறைக்கணக்கில் அளக்கப்படுகிறது. ஆகவே நாம் காட்டக்கூடிய பெரிய மரியாதை நிமிஷத்தை மிச்சப்படுத்துவதும், குனிவதைக் குறைப்பதும்தான். அறை அழகாகத் தெரிவது அவருக்கு முக்கியம் இல்லை.

காலி செய்கிற நாளில் படுக்கையை மடிக்க வேண்டாம். எப்படியும் எல்லாவற்றையும் உருவித்தான் ஆகணும். நாம் இழுத்துச் சொருகி வைத்தால் அவர் மறுபடி பிரிக்கணும். போர்வைக்குள் நம்ம செல்போன் சார்ஜரோ குழந்தையின் காலுறையோ போயிருந்தால், கலைந்து கிடக்கிற படுக்கையில்தான் சீக்கிரம் கண்ணில் படும்.

நனைந்த துண்டுகளை எல்லாம் ஒரே இடத்தில், முடிந்தால் தரையில் இல்லாமல், தொட்டி விளிம்பிலோ குளியலறை மேடையிலோ குவித்து வையுங்கள். ஆறு இடத்தில் குனிந்து பொறுக்குவது ஒரு இடத்தில் முடியும். குப்பை குப்பைக்கூடையில் இருக்கட்டும். கூடை நிறைந்தால் பக்கத்தில் ஒரு பையில் கட்டி வைக்கலாம். மீந்த சாம்பாரையும் சட்னியையும் வாஷ்பேசினில் கொட்ட வேண்டாம், அடைத்துக்கொள்ளும். பிளேடு, ஊசி, உடைந்த கண்ணாடி இவற்றைக் கூடையில் அப்படியே போடுவது கொடுமை. பையைக் கையால் அமுக்கி எடுக்கிறவருக்குத் தெரியாது. காகிதத்தில் சுற்றித் தனியாக வைத்து, ரிசப்ஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

நம்ம ஊர்ப் பழக்கத்துக்கு இன்னொன்று. மஞ்சள், குங்குமம், தலைச்சாயம், எண்ணெய் இதெல்லாம் வெள்ளைத் துண்டில் ஏறினால் போகாது. வீட்டிலிருந்து ஒரு பழைய துண்டு எடுத்துப் போவது நல்லது. ஹோல்டால் காலத்திலிருந்து அந்த ஒரு பழக்கத்தையாவது மிச்சம் வைத்துக்கொள்ளலாம். கறை ஆகிவிட்டால் ஒளித்து வைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பல நாள் தங்கினால், சுத்தம் வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். அடுத்தவர் உள்ளே வருவது பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் உரிமை, யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கூப்பனுக்காகவோ, அவருக்கு உபகாரம் என்று நினைத்தோ வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மாதச் சம்பளம் வாங்குகிற இடத்தில் இது உடனே அவர் பையைத் தொடாது. மணிக்கூலி, அறைக்கூலி இருக்கிற இடத்தில் தொடும். அப்படியே வேண்டாம் என்று சொன்னாலும் குப்பையை மட்டும் தினமும் வெளியே கொடுத்துவிடுங்கள்.

டிப்ஸ் கொடுக்கிறதாக இருந்தால் கடைசி நாளுக்கு வைக்காமல் அன்றன்றைக்குக் கொடுங்கள். திங்கட்கிழமை உங்கள் குளியலறையைத் தேய்த்தவருக்கு வியாழக்கிழமை விடுமுறையாக இருக்கலாம். தலையணை மேல் சும்மா காசு கிடந்தால் அது மறந்துவிட்டுப் போன காசு என்று பயந்து அவர் தொட மாட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் 'உங்களுக்கு, நன்றி' என்று எழுதி அதோடு வையுங்கள்.

கதவைத் திறக்கும்போது முழுசாக உடுத்தியிருங்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது அவர் வேலை செய்ய வேண்டியிருந்தால் கதவைச் சாத்த வேண்டாம். அறையில் குறை இருந்தால் முதலில் அவரிடமே சொல்லிப் பாருங்கள், ரெண்டு நிமிஷத்தில் சரியாகிவிடும். நேராக மேனேஜரிடமோ இணையத்தில் நட்சத்திரமாகவோ போனால், அந்தக் கோபம் கடைசியில் அவர் தலையில்தான் வந்து இறங்கும்.

கிளம்பும்போது ரிசப்ஷனில் "ரூம் காலியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போங்கள். மதியம் 12 மணிக்குப் பத்து அறையும் ஒரே சமயத்தில் காலியானால் அவர் பாடு திண்டாட்டம். உங்கள் அறை ஒன்பது மணிக்கே கைக்கு வந்தால், அந்த நாளின் 15 அறையில் ஒன்றை நிதானமாக முடிப்பார். கதவுக் கைப்பிடியில் தொங்குகிற 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். அது தொங்குகிற வரைக்கும், உள்ளே யாரும் இல்லை என்பது தெரியாமல் அவர் அந்த வாசலுக்கு இரண்டு மூன்று தடவை நடந்துகொண்டே இருப்பார்.